பார்க்கப்பட்டது

கடலுக்கு எல்லைக்கல் நட முயன்ற நாடு ஒன்று இருந்தது. இப்போதும் இருக்கிறது. பெயரைத்தான் மூன்று முறை மாற்றிவிட்டார்கள். நான் அங்கே எழுத்தராக இருந்த காலத்தில் அதற்குத் திரைமண்டலம் என்று பெயர். கிழக்கே கடல், மேற்கே வயல், நடுவில் தலைநகரம். ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை மக்களே தங்கள் மன்னரைத் தேர்ந்தெடுப்பார்கள். தேர்ந்தெடுத்தது மறந்துவிடக் கூடாது என்பதற்காக விரலில் மை வைக்கும் வழக்கமும் உண்டு. மை மக்களின் விரலில் வைக்கப்பட்டதால், மறக்காமல் இருக்கும் பொறுப்பும் மக்களிடமே இருந்தது.

நான் வேலை பார்த்த இடம் கடல் கச்சேரி. பாட்டுக் கச்சேரி அல்ல. அரசு அலுவலகத்துக்கு அன்று அதுதான் பெயர். ஒரே ஓர் அறை. ஒரு கால் கட்டையான மேசை. கடலைப் பார்த்த ஒரு சன்னல். வாசலில் ஒரு கம்பம், அதன் உச்சியில் ஒரு விளக்கு. கடல் சம்பந்தமாக அந்த நாட்டில் இருந்த சட்டம் மொத்தமும் ஒரே வரி: கடலுக்குப் போனவர் எல்லாரும் கரை திரும்பும்வரை கச்சேரி விளக்கை அணைக்கக் கூடாது.

என் வேலை இரண்டு சொற்களை எழுதுவது. வள்ளம் புறப்படும்போது ஏட்டில் ஆளின் பெயரைப் போட்டு ‘போனார்’ என்று எழுதுவேன். திரும்பியதும் அதே வரியில் ‘வந்தார்’ என்று எழுதுவேன். கடைசி ‘வந்தார்’ எழுதிய பிறகு விளக்கை அணைப்பேன். விளக்குக்கான மீன் நெய்யைக் கடற்கரைக்காரர்களே கொண்டுவந்து ஊற்றிவிட்டுப் போவார்கள். அந்த வாடை என் சட்டையிலும் ஏட்டிலும் சோற்றிலும் ஏறியிருந்தது. என் மனைவி ஐந்து வருடம் மூக்கைப் பிடித்தாள், பிறகு விட்டுவிட்டாள். இன்று எங்காவது சந்தையில் அந்த வாடை வந்தால் வந்த வேலையை மறந்து நின்றுவிடுகிறேன். இருபத்திரண்டு வருடம் அந்த மேசையில் உட்கார்ந்தேன். ‘வந்தார்’ என்று எழுதும்போது இருந்த நிம்மதியை அதற்குப் பிறகு எந்த எழுத்தும் எனக்குத் தரவில்லை.

கடலுக்கென்று அப்போது திட்டம் கிடையாது. துறை கிடையாது. அமைச்சர் கிடையாது. இவ்வளவும் இல்லாமல் அந்தக் கடல் எப்படித்தான் சமாளித்ததோ என்று பின்னாளில் வந்த அமைச்சர் என்னிடமே வியந்திருக்கிறார்.

ஆனால் கடலுக்குள் ஒழுங்கு இருந்தது. அதை எனக்குச் சொன்னவள் இராக்கம்மா. கடலில் மூழ்கிப் பாசி எடுக்கிறவள். என் ஏட்டில் அதிக முறை ‘போனார், வந்தார்’ எழுதப்பட்ட பெயர் அவளுடையதுதான். நானோ உள்நாட்டுக்காரன். மேற்கே மழையை நம்பும் ஊரில் பிறந்தவன். கடலைத் தண்ணீர் என்று மட்டுமே தெரிந்துகொண்டு வேலைக்குச் சேர்ந்தேன்.

“தண்ணி இல்லய்யா அது. உள்ள எடம் எடமா இருக்கு,” என்றாள் இராக்கம்மா. கடலுக்கு அடியில் பாறையும் பவளமுமாகத் திட்டுத் திட்டாகக் கிடக்கும் மேட்டுக்கு அவர்கள் பார் என்று சொல்வார்கள். ஒவ்வொரு பாருக்கும் பெயர் உண்டு. கூனிப்பார், மூணுகல்பார், சம்மந்திபார். எனக்கு அது சட்டென்று விளங்கியது. எங்கள் ஊரில் வயலைச் செய் என்போம். ஒவ்வொரு செய்க்கும் பெயர் உண்டு. எங்கள் வீட்டு வயலுக்கு நல்லசெய் என்று பெயர். பேர் வைத்தவன் யார் என்று யாருக்கும் தெரியாது.

பார்களில் அவர்கள் பெரிதாக மதித்தது தொட்டில்பார். கரையிலிருந்து கிழக்கே போகும்போது பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். கரையில் இருக்கும் இரட்டைப் பனை ஒன்றன்பின் ஒன்று மறைந்து ஒற்றைப் பனையாகத் தெரியும் இடத்தில் வள்ளத்தை நிறுத்தினால், காலடியில் தொட்டில்பார். மீன்கள் முட்டையிடும் இடம் அது. பங்குனியும் சித்திரையும் அங்கே யாரும் வலை இறக்க மாட்டார்கள். எந்த மன்னரும் இட்ட கட்டளை இல்லை. ஏன் என்று கேட்டேன்.

“தொட்டில்ல புள்ள தூங்கயில தொட்டிலப் பிடிச்சு உலுக்குவாகளா?” என்றாள்.

ஒரு நாள் என்னையும் கூட்டிப்போனாள். துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீருக்குள் விட்டு மறுமுனையை என் காதில் வைக்கச் சொன்னாள். வைத்தேன். அடியிலிருந்து சத்தம் வந்தது. அடுப்பில் சோளம் பொரிவதுபோல் படபடவென்று ஒரு சத்தம், ஓயாமல். “உசுரு இருக்குற சத்தம்,” என்றாள். துடுப்பைக் காதிலிருந்து எடுக்க எனக்கு மனமே வரவில்லை. அன்று ஏட்டில் என் பெயரையும் எழுதி ‘போனார், வந்தார்’ போட்டுக்கொண்டேன். என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே கையாடல் அதுதான்.

இப்படி இருக்கையில் தேர்தல் வந்தது. வாரிவழங்கி என்ற பட்டத்தோடு புதிய மன்னர் வந்தார். கேட்டதையெல்லாம் வாரி வழங்குவார் என்று எல்லாரும் மகிழ்ந்து மை வைத்துக்கொண்டோம். வாரி என்ற சொல்லுக்குக் கடல் என்றும் ஒரு பொருள் உண்டு என்பது அன்று யாருக்கும் தோன்றவில்லை.

பட்டமேறிய மாதமே மன்னரைப் பார்க்க அடியாழ வணிகர் குழாம் வந்தது. கடலுக்கு அடியில் பாதாள நெய்யும் பாதாள மூச்சும் இருப்பதாகவும், அவை வெளியே வரத் துடிப்பதாகவும், ஓட்டை போட்டு உதவத் தாங்கள் தயார் என்றும் குழாம் சொன்னது. மன்னர் மனமிரங்கினார். ஐந்தாண்டுக் கடல் திட்டம் அறிவிக்கப்பட்டது. கடலைச் சதுரம் சதுரமாகப் பிரித்து, சதுரம் சதுரமாக ஏலம் விடுவது திட்டம். கண்காணிக்க மேற்பார்வைத் துறை என்ற புதிய துறை பிறந்தது. அதற்கு அமைச்சராக நிதானமூர்த்தி அமர்த்தப்பட்டார். அவர் வாழ்நாளில் எதற்கும் அவசரப்பட்டதில்லை. கையெழுத்துக்கு மட்டும் அவசரப்படுவார்.

முதல் ஆணையின்படி ஒவ்வொரு சதுரத்தின் மூலையிலும் எல்லைக்கல் நடப்பட்டது. கற்கள் மூழ்கின. இரண்டாம் ஆணை, எல்லைக்கற்கள் மிதக்க வேண்டும் என்றது. கற்கள் கீழ்ப்படியவில்லை. மூன்றாம் ஆணைப்படி பீப்பாய்களுக்குக் கல்லின் நிறம் பூசி, ‘இது கல்’ என்று எழுதி மிதக்க விட்டார்கள். கடற்கரைக்காரர்களின் வலைகள் அவற்றில் மாட்டிக் கிழிந்தன. அரசின் கல்லை வலையால் தாக்கியதாக அறுபது பேர்மேல் வழக்கு வந்தது. அந்த வருடம் பல நாள்கள் என் ஏட்டில் ‘போனார்’ எழுதவே ஆள் இல்லை.

நான்காம் ஆணைதான் மக்களுக்காக இடப்பட்டது. ஏலத்தில் ஆட்சேபம் உள்ளவர்கள் சதுரத்தின் எண்ணைக் குறிப்பிட்டு முப்பது நாளுக்குள் தெரிவிக்கலாம். எண்கள் எந்தப் படத்தில் இருக்கின்றன என்று கேட்டு எழுதினேன். படம் அரசு ரகசியம் என்று பதில் வந்தது. எண் தெரியாதவர்களின் குறையை நேரில் கேட்க அமைச்சரே வருவார் என்றும் அதில் இருந்தது. அரசுக்கும் இரக்கம் உண்டு என்று நினைத்தேன்.

கருத்துக் கேட்புக் கூட்டம் எங்கள் கச்சேரி வாசலில் நடந்தது. கம்பத்தடியில் பந்தல். கடற்கரை முழுவதும் திரண்டு வந்து மணலில் உட்கார்ந்திருந்தது. நான் மேசையை வெளியே இழுத்துப் போட்டு, ஏட்டையும் பேனாவையும் மைக்கூட்டையும் எடுத்து வைத்துக்கொண்டேன்.

“பெருமக்களே,” என்றார் அமைச்சர் நிதானமூர்த்தி. “உங்கள் கருத்தைக் கேட்காமல் இந்த அரசு கடலில் ஒரு துளியையும் அசைக்காது. கேட்ட பிறகுதான் அசைக்கும்.”

இராக்கம்மா எழுந்தாள். அன்றைக்கென்று புதுச்சேலை கட்டியிருந்தாள்.

“ஐயா, நீங்க கடல்ல கோடு போட்டுருக்கீக. அந்தக் கோடு எங்க கண்ணுக்குத் தெரியல. சரி, உங்களுக்கு எண்ணெ வேணும், எடுத்துக்கங்க. நாங்க கேக்குறது ஒண்ணே ஒண்ணுதேன். ரெட்டைப் பனை ஒத்தைப் பனையாத் தெரியிற எடத்துல தொட்டில்பார் இருக்கு. அந்த ஒரு எடத்தத் தொடாதீக. அது போச்சுன்னா இந்தக் கரைக்கே மீனு கெடையாது.”

“அம்மையாரின் உரை நெஞ்சைத் தொட்டது,” என்றார் அமைச்சர். “ஆனால் படிவத்தில் ஒரு வரிதான் இருக்கிறது. ஆட்சேபத்தை ஒரே சொல்லில் சொல்லுங்கள்.”

“தொட்டில்பார். அம்புட்டுத்தேன்.” என் பக்கம் திரும்பினாள். “எழுத்தரய்யா, நீங்க வந்து காது குடுத்துக் கேட்ட எடந்தானே. சரியா எழுதுங்க.”

நான் எழுதினேன். ‘தொட்டில்’ என்று எழுதும்போதே பேனா காய்ந்துவிட்டது. மையில் தோய்த்து, மேசை ஆடியதால் கொஞ்சம் தள்ளி, ‘பார்’ என்று எழுதினேன். நடுவில் ஓர் அரிசி கிடக்கும் அளவுக்கு இடைவெளி விழுந்தது. கவனித்தேன். பெரிதாக நினைக்கவில்லை. பார் என்றால் என்ன என்று உலகத்துக்கே தெரியும் என்று நினைத்தேன். இருபது வருடம் கடற்கரையில் இருந்துவிட்டால் உலகம் முழுவதும் கடற்கரை என்றே தோன்றிவிடுகிறது. நான் வாய் திறந்து ஒரு வார்த்தை விளக்கியிருக்கலாம். கூட்டத்தில் எழுத்தர் பேசும் வழக்கம் அந்த நாட்டில் இல்லை.

மூன்று வாரம் கழித்துத் தலைநகரத்திலிருந்து ஐந்து அதிகாரிகள் அளவு நாடாவோடு வந்து இறங்கினார்கள். கடல் பக்கம் திரும்பவில்லை. நேராகக் குடிசைகளுக்குள் போனார்கள். தூங்கிக்கொண்டிருந்த குழந்தைகளை வெளியே எடுக்கச் சொல்லித் தொட்டில்களை அளந்தார்கள். கயிற்றை இழுத்துப் பார்த்தார்கள். தலைமை அதிகாரி ஒரு தொட்டிலில் கையை ஊன்றி அழுத்திப் பார்த்து, “உறுதி” என்றார். இன்னொருவர் அதை எழுதிக்கொண்டார். குழந்தை இல்லாத ஒரு வீட்டில் ‘தொட்டில் இல்லை, பரிசீலிக்கப்படும்’ என்று எழுதினார்கள். அந்த வீட்டுக்காரனுக்கு வயது எழுபது. மொத்தம் பதினேழு தொட்டில்கள். ஒவ்வொரு குழந்தைக்கும் மன்னர் படம் போட்ட கிலுகிலுப்பை ஒன்று கிடைத்தது.

இராக்கம்மா கச்சேரிக்கு வந்தாள். “என்ன எழுத்தரய்யா, நம்ம பாரப் பாக்க வருவாகன்னு பாத்தா, புள்ளைக தொட்டில அளந்துக்கிட்டுத் திரியிறாக?”

அந்த அரிசி அளவு இடைவெளி கண்முன்னே வந்து நின்றது. தொட்டில், பார். தொட்டிலைப் பார்.

அன்றே புறப்பட்டுத் தலைநகரம் போனேன். கோப்பை எடுத்துக் காட்டினார்கள். அதில் இப்படி இருந்தது: ‘மக்கள் தொட்டில் பார் என்றனர். பார்க்கப்பட்டது. தொட்டில்கள் உறுதியாக உள்ளன. வேறு ஆட்சேபம் இல்லை.’ கீழே அரண்மனைப் புலவர் பச்சை மையில் ஒரு குறிப்பு சேர்த்திருந்தார். பார் என்றால் உலகம் என்றும் பொருளுண்டு. எனவே மன்னரின் ஆட்சியில் உலகமே தொட்டில்போல் ஆடுகிறது என்று மக்கள் வாழ்த்தியதாகவும் கொள்ளலாம்.

அமைச்சரைப் பார்க்க இரண்டு நாள் காத்திருந்தேன். காலில் விழாத குறையாக விஷயத்தைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

“அதாவது, இரண்டு சொற்களுக்கு நடுவே உள்ளதை நீக்க வேண்டும் என்கிறீர்.”

“ஆமாம் ஐயா.”

“நடுவே என்ன இருக்கிறது?”

“இடைவெளி ஐயா.”

“இடைவெளியில் என்ன இருக்கிறது?”

“ஒன்றும் இல்லை ஐயா.”

“ஒன்றும் இல்லாததை நீக்க இந்த அரசுக்கு அதிகாரம் இல்லை,” என்றார் வருத்தத்தோடு. “இருந்தால் உமக்காகக் கட்டாயம் நீக்கியிருப்பேன். போகட்டும், நீர் சொல்லும் அந்த இடம் எந்தச் சதுரம்?”

அவர் மேசைமேல் படம் விரிந்து கிடந்தது. கரையையும் கோடுகளையும் பார்த்துக் கணித்து, “நாற்பத்தொன்று ஐயா,” என்றேன்.

அமைச்சர் படத்தைச் சுருட்டினார். “அது அரசு ரகசியம். உமக்கு எப்படித் தெரியும்?”

எனக்கு எதுவும் தெரியாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் என்னை வெளியே விட்டார்கள். வாழ்க்கையில் நான் ஒரே மூச்சில், இடைவெளி விழாமல் எழுதிய வாக்கியம் அதுதான்.

ஏலம் நடந்தது. கேட்க வந்தது ஒரே குழாம் என்பதால் போட்டி ஒழுங்காகவும் சண்டையில்லாமலும் முடிந்ததாக அரசு பெருமைப்பட்டது. நாற்பத்தொன்றாம் சதுரத்தில் இரும்புக்கால்கள் இறங்கின. அது பங்குனி மாதம்.

கண்காணிப்பிலும் குறை வைக்கவில்லை. கரையில் ஏழு அடுக்கில் மேற்பார்வைக் கோபுரம் எழும்பியது. கோபுரத்தைக் குழாமே அன்பளிப்பாகக் கட்டித் தந்தது. சன்னல் எந்தப் பக்கம் வைக்க வேண்டும் என்பதையும் அவர்களே பார்த்துக்கொண்டார்கள். உச்சி அடுக்கில் ஓர் அதிகாரி நாள் முழுவதும் உட்கார்ந்து கடலைப் பார்த்து அறிக்கை எழுதுவார். ‘கடல் இருக்கிறது’ என்பது அன்றாட அறிக்கை. ஒரு நாள் படியேறிப் போய், தண்ணீருக்கு அடியில் என்ன நடக்கிறது என்று யார் பார்ப்பார்கள் என்று கேட்டேன்.

“நாங்கள் மேற்பார்வைத் துறை,” என்றார் அவர். “மேலே இருந்து, மேலே இருப்பதைப் பார்ப்போம். கீழ்ப்பார்வை என்று ஒரு துறை இந்த அரசில் இல்லை. நீர் வேண்டுமானால் மனு கொடும்.”

ஐந்தாறு மாதம் போயிற்று. ஒரு காலையில் கடலின் மேல் ஏழு நிறங்கள் மினுங்கின. அன்றைய அறிக்கையில் ‘கடல் வானவில்போல் அழகு பெற்றுள்ளது’ என்று எழுதியிருந்தார்கள். மன்னர் மகிழ்ந்து நாற்பது நாள் வானவில் திருநாள் அறிவித்தார். நிறங்களைக் கலைத்துவிடக் கூடாது என்பதால் அந்த நாற்பது நாளும் வள்ளம் இறக்கத் தடை. கரையில் அடுப்பு எரியவில்லை. தலைநகரத்திலிருந்து வண்டி கட்டி வந்து அந்த அழகைப் பார்த்துவிட்டுப் போனார்கள். இருபதாம் நாள் மீன்கள் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. ‘இதுவரை ஆழத்தில் மறைந்திருந்த மீன்வளம் இப்போது மேலே வந்துவிட்டது’ என்றது அறிக்கை.

தடை முடிந்த அன்று இராக்கம்மா வள்ளத்தை இறக்கினாள். என்னையும் ஏறச் சொன்னாள். இரட்டைப் பனை ஒற்றைப் பனையானது. வேலை முடிந்து குழாமின் இரும்புக்கால்கள் அதற்குள் அடுத்த சதுரத்துக்குப் போய்விட்டிருந்தன. அவள் துடுப்பை நீட்டினாள். காதில் வைத்தேன். மறு காதில் வைத்தேன். ஒன்றும் இல்லை. எங்கள் ஊர்க் கிணறு வறண்ட வருடம் குனிந்து பார்த்தபோது இருந்த அமைதி அது. அவள் மூழ்கி எழுந்து வந்தாள். கையெல்லாம் கறுப்பாக இருந்தது. தண்ணீரில் கழுவிப் பார்த்தாள். போகவில்லை.

கரைக்கு வந்ததும் நேரே கச்சேரிக்குள் வந்து மேசைக்கு முன்னால் நின்றாள்.

“ஏட்ட எடுங்க. எழுதுங்க.”

“என்ன எழுத?”

“தொட்டில்பார் போச்சுன்னு எழுதுங்க. ஆளு போனா எழுதுவீகள்ல, அதே மாதிரி.”

“இராக்கம்மா, என் கையாலதான்...”

“தெரியும். அன்னைக்கு நீங்க தலைநகரம் போனப்பவே எல்லாருக்கும் தெரியும்,” என்றாள். “இப்பவாச்சும் சேத்து எழுதுங்க.”

எழுதினேன். மைக்கூட்டில் பேனாவை நன்றாக முக்கி, நடுவில் ஏட்டிலிருந்து எடுக்காமல், ‘தொட்டில்பார்’ என்று ஒரே சொல்லாக எழுதினேன். பக்கத்தில் ‘போனது’ என்று போட்டேன். ‘வந்தது’ எழுத வேண்டிய இடம் காலியாக இருந்தது. கண்ணீர் விழுந்துவிடக் கூடாது என்று ஏட்டைத் தள்ளி வைத்தேன்.

அவள் கம்பத்தை நிமிர்ந்து பார்த்தாள். “போனது திரும்புற வரைக்கும் அணைக்கக் கூடாதுன்னு தானே உங்க சட்டம்?”

பகலும் இரவும் அந்த விளக்கு எரிந்தது. பத்தொன்பது நாள். மீன் இல்லாத கரையில் மீன் நெய் ஏது? கடைசித் துளியும் தீரும் முன்னே தலைநகரத்துக்கு எழுதினேன். பாதாள நெய் வெளிநாட்டுக்கு அனுப்புவதற்கு மட்டுமே என்று பதில் வந்தது. இருபதாம் நாள் விளக்கு தானாக அணைந்தது. அணைத்தது நான் இல்லை என்று இன்றுவரை சொல்லிக்கொள்கிறேன்.

பிறகு விசாரணை வந்தது. மக்கள் ஏன் முன்கூட்டியே ஆட்சேபிக்கவில்லை என்று ஆணையம் கேட்டது. கோப்பைப் பார்த்தார்கள். மேற்பார்வை போதவில்லை என்று தீர்ப்பானது. கோபுரத்துக்கு இன்னும் இரண்டு அடுக்கு ஏற்றினார்கள். கடல் கச்சேரியை மூடினார்கள். விளக்கைத் துடைத்துத் தலைநகர அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். ஏட்டை மட்டும் நான் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தேன். அதைப் பிரித்தால் பழைய வாடை கொஞ்சம் வரும். வாரம் ஒருமுறைதான் பிரிப்பேன், தீர்ந்துவிடக் கூடாது என்று.

அடுத்த தேர்தலில் மக்கள் கோபத்தோடு விரலை நீட்டினார்கள். வாரிவழங்கி போனார். சொல்காத்தவர் என்ற பட்டத்தோடு வேறொரு மன்னர் வந்தார். இனிமேல் கடலைத் தொடவே மாட்டேன் என்பது அவர் கொடுத்த வாக்கு. நானும் அவருக்குத்தான் மை வைத்துக்கொண்டேன். அவர் சொல்லைக் காப்பாற்றினார். கடலில் ஒரு சதுரமும் ஏலம் போகவில்லை.

போன மாதம் எங்கள் வயல்வெளியில் பீப்பாய்கள் வந்து இறங்கின. கல் நிறம் பூசியிருந்தது. ‘இது கல்’ என்று எழுதியிருந்தது. கடலுக்காக வாங்கியதை வீணாக்கக் கூடாது என்று கொண்டுவந்தார்களாம். ஐந்தாண்டு நிலத் திட்டம்.

நான் தெருத்தெருவாக அலைந்தேன். “கூட்டத்துல செய்னு மட்டும் சொல்லாதீங்க. வயல்னு சொல்லுங்க, நிலம்னு சொல்லுங்க,” என்று கெஞ்சினேன். கடற்கரையில் நடந்ததைச் சொன்னேன். தொட்டிலை அளந்த கதைக்கு எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். என் தம்பி மனைவி பூவாத்தாள், இன்று நல்லசெய்யில் பாடுபடுகிறவள் அவள்தான், களத்தில் நின்று என்னைக் கேட்டாள்: “பேர மாத்திச் சொன்னா அவுக வேற யாரு வயலையோன்னு நெனச்சுக்கிற மாட்டாகளா மச்சான்?”

நேற்று எங்கள் ஊர்க் களத்தில் பந்தல் போட்டார்கள். கருத்துக் கேட்க வந்த அமைச்சரைப் பார்த்தேன். அதே நிதானமூர்த்திதான். மன்னர்கள் மாறுவார்கள், மேற்பார்வை மாறக் கூடாது என்று அவரே விளக்கினார். கூட்டத்தை எழுத ஒரு பெண் வந்திருந்தாள். இருபது வயதிருக்கும். பேச்சிலேயே தெரிந்தது, கடற்கரைப் பிள்ளை. மீன் போன வீடுகளுக்கு அரசு எழுத்தர் வேலை கொடுத்திருந்தது. பார் என்றால் என்ன என்று அவளுக்குத் தெரிந்திருக்கும். செய் என்றால் என்ன என்று அவளுக்கு யார் சொல்லியிருப்பார்கள்?

பூவாத்தாள் எழுந்து நின்றாள். புதுச்சேலை கட்டியிருந்தாள்.

“ஐயா, மத்த எடத்துல நீங்க என்னமும் தோண்டிக்கங்க. எங்க குடும்பத்துக்கு இருக்கிறது ஒண்ணே ஒண்ணுதேன்...”

“அம்மையாரின் உரை நெஞ்சைத் தொட்டது,” என்றார் அமைச்சர். “படிவத்தில் ஒரு வரிதான் இருக்கிறது. ஒரே சொல்லில் சொல்லுங்கள்.”

“நல்லசெய்,” என்றாள் பூவாத்தாள். “அம்புட்டுத்தேன். எழுதிக்கம்மா.”

வாழ்நாளில் முதல்முறையாக ஒரு கூட்டத்தில் எழுந்து நின்று பேசினேன். “தாயீ, சேத்து எழுது. பேனாவ எடுக்காம எழுது,” என்றேன்.

அந்தப் பெண் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். ‘நல்ல’ என்று எழுதி முடித்திருந்தாள். பேனா காய்ந்துபோயிருந்தது. அவள் கை மைக்கூட்டுக்குப் போயிற்று.